தாய்மொழி வேண்டும், தாய் வேண்டாம்!

“உன் தாய் எங்கே பிறந்தாள்? இப்பொழுது எந்நாட்டுப் பிரசையாக இருக்கிறாள்? அவளோடு எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறாய்? கடிதம் மூலமா, தொலைபேசி மூலமா, நேரிலா? அவளுக்கு வேலை கொடுப்பவர் யார்? அந்நாட்டு அரசாங்கத்தோடு அவளுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா?”

இவை குற்றவாளிக் கூண்டில் நிற்பவனிடம் கேட்கப்படும் கேள்விகள் அல்ல. உத்தியோகம் கேட்டு விண்ணப்பிப்பவனிடம் கேட்கப்படும் கேள்விகள். ஐக்கிய அமெரிக்காவில், அரசாங்கத்தின் இரகசியங்களோடு தொடர்புள்ள தொழில் ஒன்றை ஏற்க விரும்புபவர் முதலிற் பாதுகாப்பு அனுமதி பெறல் வேண்டும். அதற்கென எண்பத்தாறாம் இலக்கப் படிவம் என்று பெயர் பெற்ற, நூறு பக்கங்களைத் தாண்டிய வினாக்கொத்து ஒன்று உண்டு. அது கேட்பனவற்றின் சாரத்தையே மேலே தந்துள்ளோம். தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், மனைவியின் பெற்றோர் என யாவரும் அதில் வரிசையாக எழுதப்படுகின்றனர். இறந்தோரும் தப்புவதில்லை. உயிரோடு அந்நிய நாட்டில் வாழ்வோரைப் பற்றியோ, அவர்களோடு கொண்ட தொடர்பின் வகையும் எண்ணிக்கையுங்கூடக் கேட்கப்படுகின்றன.

இஃது ஏதோ சில தளபதிகளையும் விஞ்ஞானிகளையும் மட்டும் பற்றிய விவகாரம் என்று வாசகர் எண்ணலாகாது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வனுமதிக்குத் தகுதி பெற்றிருந்தோர் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கப்பல் திருத்தும் தொழிலாளி, விமானத் தொழிற்சாலையின் இயந்திரவினைஞன், எழுதுவினைஞன், மொழிபெயர்ப்பாளன், கணினிப் பொறியியலாளன் என்று உழைப்பை விற்று உண்ணும் மக்களே இவர்களுட் பெரும்பாலோர். அனுமதி மறுக்கப்பட்டால் அவர்கள் இழப்பது இரகசியத்தை அன்று, சோற்றை.

“அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் இரகசியப் பெட்டகத்துக்கு யார் காவலிருந்தால் எமக்கென்ன?” என்று முற்போக்கு அன்பர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அப்பெட்டகத்தினுள் இருப்பனவற்றின்மீது எமக்கும் காதல் இல்லை. ஆனால் ஒரு மனிதனை அவன் செய்த செயலால் அளப்பதா, அவன் பிறந்த குடும்பத்தால் அளப்பதா என்ற வினா அமெரிக்காவோடு முடிந்துவிடுவதன்று. பிறப்பினால் மனிதனைத் தரம் பிரிக்கும் கொடுமையை எமது சமூகத்திலே எதிர்த்து நிற்கும் நாம், அதே கொடுமை தேசப் பாதுகாப்பு என்னும் சால்வையைப் போர்த்துக்கொண்டு வரும்போது வாளாவிருத்தல் தகாது.

முதலில் விதியைப் பார்ப்போம். 2017 யூன் மாதம் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதி நெறிகள் 13 தலைப்புகளாக வகுக்கப்பட்டுள்ளன. குடிப்பழக்கம், கடன்சுமை, போதைப்பொருள், குற்றச்செயல் என்பன அவற்றுட் சில. வெளிநாட்டுச் செல்வாக்கு என்பது இரண்டாவது தலைப்பு. வெளிநாட்டிலுள்ள குடும்பத்தவரோடு கொண்ட தொடர்பு, வற்புறுத்தலுக்கோ மிரட்டலுக்கோ ஆளாகும் ஆபத்தைக் கூட்டுமாயின் அது விண்ணப்பதாரிக்குப் பாதகமாகும் என்று அது கூறுகின்றது. குடிகாரனும் கடன்காரனும் குற்றவாளியும் நிற்கும் வரிசையிலே, தாய்க்குக் கடிதம் எழுதும் மகனும் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறான்!

இதற்கு விமோசனம் உண்டா? உண்டு. அதையும் அந்நெறிகளே சொல்கின்றன. தொடர்பு தற்செயலானது, அரிதானது என்று காட்டலாம். அந்த உறவினர்மீது தனக்குள்ள விசுவாசமோ கடப்பாடோ மிக மிகச் சிறியது என்று காட்டலாம். அல்லது அமெரிக்காவின்மீது தனக்குள்ள பற்று ஆழமானது, நீண்டகாலத்தது, ஐயம் எழுமிடத்து அந்நாட்டின் பக்கமே தான் சாய்வேன் என்று நிறுவலாம். பெற்றோர், உடன்பிறந்தார் தொடர்பைத் தற்செயலானது என்று எளிதிற் கொள்ள முடியாது என்பதே தீர்ப்பாளரின் பொதுவான போக்கு. மனைவியின் பெற்றோர்மீதும் ஒருவனுக்கு அன்பும் கடப்பாடும் உண்டென்றே முதலிற் கொள்ள வேண்டும், இல்லையென்று நாட்டுவது அவன் பொறுப்பு என்று பாதுகாப்புத் திணைக்களத்தின் மேன்முறையீட்டுச் சபை பன்முறை கூறியுள்ளது.

இதன் பொருள் என்ன? தாயின்மீது உனக்குள்ள அன்பு சிறியது என்று காட்டினால் உன் தகுதி உயரும். பெரியது என்று உண்மை பேசினால் உன் தகுதி தாழும். அன்பில்லாதவனுக்கு வாயில் திறக்கிறது. அன்புள்ளவன் தன் அன்புக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வெளியே நிற்கிறான். பெற்ற தாயை மறப்பவன் எந்நாட்டை மறக்கமாட்டான் என்று எமது கிராமத்துக் கிழவிகூடக் கேட்பாள். கல்விமான்கள் கூடி வகுத்த நெறிகளுக்கு அக்கேள்வி தோன்றவில்லை.

ஐயம் எழுந்தால் அதன் பயன் யாருக்கு? குற்றவியல் நீதியில் ஐயத்தின் பயன் எதிரிக்கு என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். இங்கே அது தலைகீழாகின்றது. எந்த ஐயமும் தேசப் பாதுகாப்பின் பக்கமே தீர்க்கப்பட வேண்டும் என்று நெறிகள் வெளிப்படையாகவே விதிக்கின்றன.

இந்த மனப்பான்மை நேற்று முளைத்ததன்று. 1947இல் ஜனாதிபதி ட்றூமன் அரசாங்க ஊழியரின் விசுவாசத்தைச் சோதிக்கும் கட்டளையைப் பிறப்பித்தார். 1953இல் ஜனாதிபதி ஐசனோவர் அதனை மேலும் இறுக்கினார். அந்த 1953ஆம் ஆண்டிலே நடந்த ஒரு சம்பவத்தை எமது மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

மைலோ றடுலோவிச் என்பவர் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர். விமானப்படையிற் பணியாற்றிப் பின் சேமப்படையில் லெப்டினன்ட் பதவி வகித்தவர். அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. அவருடைய விசுவாசத்தில் ஐயமில்லை என்று விமானப்படையே ஒப்புக்கொண்டது. ஆயினும் அவர் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று முடிவுசெய்யப்பட்டது. காரணம் என்ன? அவருடைய தந்தை சேர்பியாவிலிருந்து வந்து மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்த தொழிலாளி; தாய்நாட்டு மொழியிற் பத்திரிகை வாசித்தவர். அப்பத்திரிகை பொதுவுடைமைச் சார்புடையதாம். சகோதரியின் அரசியற் கருத்துகளும் ஆபத்தானவையாம். தந்தையோடும் சகோதரியோடும் மைலோ நெருங்கிய தொடர்பை விடாது வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு! விசாரணையிலே சாட்சியம் ஓர் உறையினுள் இருந்தது. அவ்வுறை அவருக்காகவோ அவருடைய சட்டத்தரணிக்காகவோ திறக்கப்படவில்லை.

உறவை முறித்துக்கொள்வேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. தந்தைக்காக மகன் தண்டிக்கப்படுவதாயின், நாளை என் பிள்ளைகள் என்னைக் காட்டிக்கொடுக்கும்படி கேட்கப்படுவார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். எட்வேர்ட் மறோ என்னும் ஒலிபரப்பாளர் 1953 ஒக்டோபர் 20ஆந் தேதி இக்கதையைத் தொலைக்காட்சியில் நாடறியச் செய்தார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய நிறுவனம் மறுத்தபோது, மறோவும் அவருடைய துணைவர் பிறெண்ட்லியும் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் பத்திரிகையில் விளம்பரம் இட்டனர். ஒரு மாதத்தின் பின், நவம்பர் 24ஆந் தேதி, விமானப்படைச் செயலாளர் தீர்மானத்தை மாற்றி றடுலோவிச்சைப் பதவியில் வைத்துக்கொள்வதாக அறிவித்தார்.

அந்தத் தீர்மானத்தை மாற்றியது மேலதிகாரிகளின் மனச்சாட்சி அன்று, பொதுமக்களின் குரல். மறோவின் கமராவுக்கு எட்டாத ஊர்களில், அதே ஆண்டுகளில் வேலை இழந்த தொழிற்சங்கவாதிகளின், கப்பற் தொழிலாளரின், ஆசிரியர்களின் கதைகளை யார் சொல்வது?

மற்றொருவர் கதை இதனினும் கசப்பானது. சீனத்திலிருந்து 1935இற் கற்க வந்த சியென் சுயேசென், கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவனத்தில் ஏவுகணை விஞ்ஞானத்தின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கியவர். 1945இல் அமெரிக்க அரசாங்கமே அவருக்குக் கேணல் பதவி சூட்டி, ஜேர்மனிய ஏவுகணை வல்லுநரை விசாரிக்க அனுப்பிவைத்தது. 1949இல் அவர் அமெரிக்கப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1950 யூனில், பல ஆண்டுகளுக்கு முன் பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்களிற் கலந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டின் பேரில் அவருடைய பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. அவர் அதனை மறுத்தார். செய்தொழில் போனபின், முதிய தந்தையைக் காண ஊர் திரும்ப முற்பட்டார். அந்த விருப்பமே ஐயத்துக்கு நெய் வார்த்தது. பயணப் பொதிகள் கைப்பற்றப்பட்டன, அவர் தடுத்துவைக்கப்பட்டார். இரகசியக் குறியீடுகள் என்று சந்தேகிக்கப்பட்ட தாள்கள் வெறும் மடக்கை வாய்பாடுகள் என்று பின்னர் தெரியவந்தது. வேலையும் இல்லை, வெளியேறவும் வழியில்லை என்ற நிலையில் ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் வைத்து, 1955 செத்தெம்பரில் அவரைச் சீனத்துக்கு அனுப்பினர். சீனத்தின் ஏவுகணைத் திட்டத்துக்கு அத்திவாரமிட்டவர் அவரே. ஒருவனைப் பகைவன் என்று சொல்லிச் சொல்லி, ஈற்றிற் பகைவனின் படைக்கலத்தை அவன் கையாலேயே செய்வித்த பெருமை அமெரிக்கப் பாதுகாப்பு நிபுணரையே சாரும்.

நிற்க. அந்நியக் குடும்ப உறவை இவ்வாறு அஞ்சும் அதே அரசாங்கம், அவ்வுறவின் பயனை மட்டும் வேண்டாமென்று சொல்வதில்லை.

1941 நவம்பரில், யப்பானோடு போர் மூளும் தறுவாயில், அமெரிக்கப் படை சன் பிரான்சிஸ்கோவில் ஒரு யப்பானிய மொழிப் பள்ளியைத் தொடக்கியது. அங்கே பயின்றோர் பெரும்பாலும் யப்பானியக் குடியேறிகளின் பிள்ளைகள். அவர்கள் அம்மொழியை எங்கே கற்றனர்? தாயின் மடியில். 1942இல் ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் கட்டளையால், மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுவாசலை விட்டு முட்கம்பி முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையோர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரசைகள். அக்கரையோரத்தில் யப்பானிய வம்சத்தவர் இருக்கலாகாது என்பதால் மொழிப் பள்ளியும் மினசோட்டாவுக்கு இடம்பெயர்ந்தது! மகன் படையின் இரகசியப் பத்திரங்களை மொழிபெயர்த்தான். தாய் அதே படையின் காவலில் முட்கம்பிக்குள் இருந்தாள். ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு பணியாற்றினர்.

தாய்மொழி வேண்டும், தாய் வேண்டாம். இந்த ஒரு வரியில் அக்கொள்கை முழுவதும் அடங்கும்.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2001 செத்தெம்பர் 11ஆந் தேதித் தாக்குதலின் பின் அமெரிக்கா அறபு, பாரசீகம், பஷ்டு முதலிய மொழிகளை அறிந்தோரைத் தேடி அலைந்தது. 2004இல் நீதித் திணைக்களத்தின் கணக்காய்வு அறிக்கை ஒன்று, மத்திய விசாரணைப் பணியகத்திடம் 1,20,000 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகள் கேட்கப்படாமலே குவிந்து கிடப்பதாக எடுத்துக்காட்டியது. அம்மொழிகளை இயல்பாக அறிந்தவர் யார்? பக்தாதிலும் காபூலிலும் கெய்ரோவிலும் மாமனும் மாமியும் உள்ளவர்கள். அனுமதிக்கு நெடுநாட் காத்திருக்கவேண்டியவர்களும் அவர்களே. மொழியும் உறவும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. வேரை வெட்டிக் கனியைப் பறிக்க முயல்வோரின் அறிவீனத்தை என்னென்பது!

எதிர்வாதத்தையும் நேர்மையோடு நோக்குதல் கடன். குடும்பத்தைப் பிடித்து மிரட்டும் அரசுகள் உலகில் இல்லையா? உண்டு. வாஷிங்ரனில் உய்குர் மொழி ஒலிபரப்பில் வேலைசெய்த பத்திரிகையாளர் சிலரின் உறவினர், சீனத்தின் சின்ஜியாங் மாநிலத்திற் பிடித்துச் செல்லப்பட்டதாக 2018இல் அவர்களே உலகறியக் கூறினர். ஆபத்து மெய். அதை நாம் மறைக்கவில்லை. ஆயின் இங்கே குற்றம் செய்தது யார்? மிரட்டிய அரசு. துன்புறுவது யார்? மிரட்டப்பட்ட குடும்பம். அக்குடும்பத்தின் பிள்ளையை மறுபக்கத்து அரசும் ஐயத்துக்குரியவன் என்று தள்ளிவைத்தால், ஒரே மனிதன் இரண்டு அரசுகளால் இருமுறை தண்டிக்கப்படுகிறான். வீட்டிற் கள்வன் புகுந்தான் என்று முறையிட வந்தவனையே பிடித்து மறியலில் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? மிரட்டல் வந்தால் அச்சமின்றி அறிவிக்கலாம், அறிவித்தால் வேலை போகாது என்ற உறுதியே உண்மையான பாதுகாப்பு. உறவைச் சொன்னாலே தண்டனை என்ற பயம் மனிதனை மறைக்கத் தூண்டும். மறைப்பவனே மிரட்டலுக்கு எளிதில் இரையாவான்.

வரலாறும் இவ்விதியின் பக்கம் நிற்கவில்லை. கடற்படையின் இரகசியக் குறியீடுகளை ஆண்டுக்கணக்கில் விற்று 1985இற் கைதான யோன் வோக்கர் அமெரிக்காவிற் பிறந்தவர், பணத்துக்கு விற்றவர். தமக்குத் துணையாக அவர் தேடிக்கொண்டவர்களுள் ஒருவர் சொந்த அண்ணன், மற்றொருவர் பெற்ற மகன். மத்திய விசாரணைப் பணியகத்தின் உள்ளேயே இருந்து விற்று 2001இற் பிடிபட்ட றொபேட் ஹன்சன் சிக்காகோப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் மகன். அதே ஆண்டிற் கைதான அனா மொன்ரெஸ் கியூபாவுக்காக உழைத்தார். அவரை இழுத்தது அரசியற் கொள்கை. அவருடைய உடன்பிறந்தோரோ மத்திய விசாரணைப் பணியகத்திலேயே வேலைசெய்துகொண்டிருந்தனர்! அந்நிய நாட்டிற் பிறந்த ஒற்றர் எவருமே இல்லையென்று நாம் வாதிடவில்லை. சீனத்திற் பிறந்த மொழிபெயர்ப்பாளர் லறி வூ-தாய் சின் 1985இற் கைதானதை அறிவோம். மனிதனைத் துரோகத்துக்குத் தள்ளுபவை பேராசை, மனக்கசப்பு, கொள்கை, அச்சம் எனப் பலவாகும். அவற்றைத் தேட வேண்டிய இடம் ஒருவனுடைய நடத்தை. பாட்டியின் பிறப்புச் சான்றிதழிலே அவற்றைத் தேடுவோர், ஹன்சன்களுக்கு இருபது ஆண்டு அவகாசம் கொடுத்துவிடுகின்றனர்.

இன்னொரு கேலிக்கூத்தும் உண்டு. விண்ணப்பதாரிகளின் உறவினர் பெயர்களையும் முகவரிகளையும் தொடர்புகளையும் இத்தனை கவனமாகத் திரட்டிய அமெரிக்க அரசாங்கம், அவற்றைத் தானே காக்கவில்லை. ஏறத்தாழ 2 கோடியே 15 இலட்சம் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்கள் அரச ஆளணி அலுவலகத்தின் கணினிகளிலிருந்து களவுபோனதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்க அதிகாரிகள் சீனத்தின்மீது விரல் நீட்டினர். எவனுக்கு எந்நாட்டில் எந்த உறவினர் இருக்கிறார், எவன்மீது எவனுக்கு அன்பு அதிகம் என்ற விவரமெல்லாம் ஒரே பொதியாக அந்நியர் கைக்குப் போயிற்று. பிள்ளையின் அன்பால் தாய்க்கு ஆபத்து வரும் என்று சொல்லிப் பட்டியல் எழுதினர். அந்தப் பட்டியலே தாய்க்கு ஆபத்தாயிற்று.

இவ்விதி எல்லார்மீதும் ஒரே அளவில் பாய்கின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். ஜனாதிபதி ட்றம்ப், அதிகாரிகளின் தயக்கத்தையும் மீறித் தம் மருமகனுக்கு உயர்தரப் பாதுகாப்பு அனுமதி வழங்கும்படி 2018இல் உத்தரவிட்டார் என்று 2019இல் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. தாம் அதிற் தலையிடவில்லை என்றே ஜனாதிபதி அதற்கு முன் கூறியிருந்தார். எது எவ்வாறாயினும், அனுமதியின் திறவுகோல் ஈற்றில் ஜனாதிபதியின் கையில் இருக்கின்றது என்பது சட்டம். சாதாரணனுக்கோ நீதிமன்றக் கதவும் இறுகச் சாத்தப்பட்டிருக்கின்றது. முகந்தெரியாத சாட்சிகளின் சொற்கேட்டு ஒரு பொறியியலாளரின் அனுமதியைப் பறித்தமையை 1959இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கண்டித்தது. அதன் பயனாக 1960இல் கம்பனித் தொழிலாளருக்கு விசாரணை உரிமை கிடைத்தது. ஆனால் 1988இல் ஒரு கடற்படைத் தளத் தொழிலாளியின் வழக்கில், பாதுகாப்பு அனுமதி பெறும் உரிமை எவருக்கும் இல்லை என்று அதே நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கு குடும்ப உறவைப் பற்றியதன்று. எனினும் அதன் நிழல் உறவின் பேரால் வேலை இழப்போர்மீதும் விழுந்து கிடக்கின்றது. பேரனின் பெரிய வீட்டுக்கு ஒரு வழி, தொழிலாளியின் சிறிய வீட்டுக்கு வேறு வழி. வர்க்க சமுதாயத்தின் நீதி வேறெப்படி இருக்கும்?

இவ்வளவும் சொன்னபின், எமது அணியைச் சேர்ந்தோர் சிலர் மகிழ்ந்து தலையசைத்துவிட்டு எழுந்து போய்விடலாகாது. கண்ணாடியை எம் பக்கமும் திருப்புவோம். வெளிநாட்டில் உறவினர் உண்டா என்ற கேள்வி சோவியத் ஒன்றியத்தின் உத்தியோகப் படிவங்களிலும் நெடுங்காலம் இருந்தது. சீனத்திலே 1966 தொடக்கம் 1976 வரை நிகழ்ந்த கலாசாரப் புரட்சிக் காலத்தில், கடல்கடந்த உறவு என்பது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. வெளிநாட்டிலுள்ள தமையனின் கடிதம் ஒன்றே ஓர் ஆசிரியரின் வாழ்வைக் கெடுக்கப் போதுமாயிருந்தது. பிற்காலத்திற் சீன அரசே அதனைத் தவறென்று கைவிட்டது. தொழிலாளிக்கு நாட்டெல்லை இல்லை என்று கொடி பிடித்தவர்கள், தொழிலாளியின் தாய்க்கு எல்லை வகுத்ததை நாம் எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது. முதலாளித்துவம் செய்தால் கொடுமை, நாம் செய்தால் விழிப்புணர்ச்சி என்று பேசுவது முற்போக்கு அன்று.

எமது நாட்டுக்கும் இக்கணக்கு புதியதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஒருவனை, உன் தந்தை எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்று கேட்டது. மலைநாட்டுத் தோட்டங்களில் இரத்தத்தைத் தேயிலையாக்கிய இலட்சக்கணக்கான மக்கள் அக்கேள்விக்குப் பத்திரம் காட்ட முடியாமல் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் ஒருபடி மேலே சென்று, மணமானவனின் மனைவியும் தங்கிவாழும் பிள்ளைகளும் இந்நாட்டில் இடையறாது வசித்தனரா என்று கேட்டது. வறுமையினால் மனைவி மக்களை நெடுங்காலம் இந்தியாவிற் பெற்றோரிடம் விட்டு வைத்த தொழிலாளி, அந்த வறுமைக்காகவே இந்நாட்டுக்கு அந்நியனாக்கப்பட்டான். வாஷிங்ரனிலே வேலைக்கு இட்ட அளவுகோல், இங்கே நாட்டுரிமைக்கே இடப்பட்டது. அமெரிக்கப் படிவத்தை வாசிக்கும்போது எமக்கு அது பழக்கமான முகமாகத் தோன்றுவது இதனாலேயே.

இன்று எமது வகுப்பறைகளைப் பாருங்கள். அண்ணன் ரொறன்ரோவில், அக்கா பாரிசில், சித்தப்பா இலண்டனில், மாமி சென்னையில் என்று சொல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? போரும் வறுமையும் இக்குடும்பங்களை உலகெங்கும் சிதறடித்தன. இப்பிள்ளைகளில் ஒருவன் நாளை எந்த நாட்டிலாவது ஒரு மேசையின் முன் அமர்ந்து, உறவினர் பட்டியலை எழுத வேண்டி நேரலாம். எதை மறைக்கலாம், எவரை மறக்கலாம் என்று அவன் பேனா தயங்கும் அந்தக் கணத்தில் ஓர் அரசு அவனுடைய குடும்பத்தைக் கூறுபோட்டு முடித்திருக்கும்.

ஆகவே நாம் கோருவது யாது? ஓர் அரசு தன் ஊழியனின் நேர்மையைச் சோதிக்கலாம். ஆனால் அவன் செய்ததைக்கொண்டு சோதிக்கட்டும். உறவு இருப்பது ஆபத்தென்று கூறும் அரசு, குறித்த ஆபத்தைக் குறித்த சான்றோடு காட்டட்டும். நிரபராதி தன்னை நிரூபிக்க வேண்டும் என்ற தலைகீழ் வழக்கம் ஒழியட்டும். சாட்சியத்தின் உறை திறக்கப்படட்டும். சுதந்திரமான நீதிமன்றத்தின் முன் முறையிடும் உரிமை தொழிலாளிக்கும் கிடைக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் தன் தாயை எவ்வளவு நேசிக்கிறான் என்று அளக்கும் அளவுகோலை எந்த அரசும் கையில் எடுக்காதிருக்கட்டும்.

ஆசிரியராகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. நாட்டுப்பற்றைப் பற்றி வகுப்பிற் பேசும்போது, அது பிறநாட்டிலுள்ள உறவைத் துறப்பதால் வளர்வது என்ற நச்சு விதையை அறியாமலேனும் நாம் தூவிவிடலாகாது. வீட்டில் அன்பு செய்யக் கற்றவனே வீதிக்கும் நாட்டுக்கும் உலகுக்கும் அன்பு செய்வான். 1953இல் மிச்சிகனில் ஓர் இளைஞன் பதவியையும் தந்தையையும் தராசில் வைத்தபோது, தந்தையின் பக்கம் நின்றான். அவனுடைய நாடு ஒரு மாதமேனும் வெட்கித் தலைகுனிந்தது. அத்தகைய இளைஞரை ஆக்குவதே எமது கல்வியின் நோக்கமாக இருக்க வேண்டும். அத்தகையோரைக் கண்டு அஞ்சும் அரசுகள் தம்மை மாற்றிக்கொள்ளட்டும்.